சராசரிக் காது

செவிமடுப்புப் பணியகத்தில் காது தேவைப்படும் பதவி ஒன்றே ஒன்றுதான். அதில் காத்தான்குடி றிப்ஷான் இருந்தான். அதுவும் ஒப்பந்த அடிப்படையில்.

பணியகத்தின் முழுப் பெயர் 'வாவிக்கரையோர வாய்மொழி முறைப்பாடுகள் செவிமடுப்புப் பணியகம்'. மட்டக்களப்பு நகரத்தில் அதற்கென எடுத்த கட்டடத்தை விடப் பெயர்ப்பலகை அகலம் என்பதால், மூன்று மொழியிலும் எழுதிய அந்தப் பலகையைக் கொஞ்சம் சரித்து மாட்டியிருந்தார்கள். எழுதிக்கொடுக்க வசதியில்லாத வாவிக்கரைச் சனங்கள் தங்கள் குறையை வாயால் சொன்னால் போதும் என்பது பணியகத்தின் கொள்கை. உத்தியோகத்தர் ஒருவர் கரைக்குப் போய் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுவார். சனங்கள் சொல்லுவார்கள். பதிவு றிப்ஷானிடம் வரும். அவன் அதைக் கேட்டுத் தட்டெழுதிக் கொடுக்க, பணிப்பாளர் 'கேட்கப்பட்டது' என்ற முத்திரை குத்திக் கையொப்பம் வைப்பார். தொண்ணூறு நாளுக்குள் இது நடக்காவிட்டால் கோப்பை 'கேட்கவில்லை' என்று முத்திரையிட்டு மூடிவிட வேண்டும்.

'கேட்கவில்லை' முத்திரை தேய்ந்துபோய் இரண்டு தடவை புதிதாகச் செய்தாயிற்று. 'கேட்கப்பட்டது' முத்திரை வாங்கி வந்த பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இதற்கு றிப்ஷானைக் குறை சொல்ல முடியாது. அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது யாரோ ஒருவருடைய பழைய கைத்தொலைபேசியோடு வந்த இயர்போன். அதில் இடது பக்கம் செத்துப்போயிருந்தது. வலது பக்கம், வயரை மடித்து விரலால் அமத்திப் பிடித்தால் மட்டும் பேசும். ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தட்டெழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நல்ல இயர்போன் ஒன்று கேட்டுக் கடிதம் கொடுத்தான். கடிதம் கிடைத்தது என்று பதில் வர ஐந்து மாதம் ஆனது. பிறகு அவனும் கேட்பதை விட்டுவிட்டான்.

அப்போதுதான் நூற்றுப் பதினேழாவது முறைப்பாடு வந்தது. அது தன்னாமுனைக் கண்ணகையுடையது.

கண்ணகையும் அவள் புருசன் யோகராசாவும் வாவியில் தோணி வைத்து மீனும் இறாலும் பிடிக்கிறவர்கள். சுற்றுலாப் படகுத்துறை கட்டுகிறோம் என்று வந்த கூட்டம் ஒன்று அவர்கள் தோணி இறக்கும் இடத்தைக் கம்பி வேலியால் அடைத்துவிட்டது. இனி வேலிக்குப் பதில் மதில் எழுப்பப் போகிறார்கள். முறைப்பாடு 'கேட்கப்பட்டது' என்று பணியகம் ஒரு தாள் கொடுத்தால், விசாரணை முடியும் வரை மதில் கட்ட முடியாது. கொடுக்காவிட்டால் தொண்ணூற்றோராம் நாள் காலையில் சீமெந்து குழைப்பார்கள். சீமெந்து ஏற்கனவே வந்து இறங்கியிருந்தது.

றிப்ஷான் பதிவைப் போட்டுக் கேட்டான். பதினொரு நிமிடமும் மோட்டார் சைக்கிள் சத்தம். இடையிடையே ஒரு பெண் குரல் மூச்செடுப்பது போலிருந்தது. பதிவு செய்யப் போன உத்தியோகத்தர் கருவியைச் சைக்கிள் சீற்றில் வைத்திருக்கிறார். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் வராதாம்.

அடுத்த திங்கட்கிழமை, ஏறாவூர்ப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் இறங்கிக் கண்ணகை நேரே அவனுடைய ஜன்னலுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெறும் இறால் கூடையை நிலத்தில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மனே, என்ட கதையக் கேட்டு முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல அக்கா. மோட்டச்சைக்கிள்தான் கேக்குது."

"அதுக்கு நான் என்ன செய்யிற? இந்தா, இப்ப சொல்லுறன். எழுது."

"இப்ப சொன்னா எழுத ஏலாது அக்கா. பதினாலாம் விதி இரிக்கி. ஒரு ஆள் ஒரு தரம்தான் சொல்லலாம். ரெண்டாம் தரம் பதிஞ்சா முதல் சொன்னதைத் திருத்தினதாப் போயிரும்."

கண்ணகை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ட வாய் இஞ்ச இரிக்கி. உன்ட காது அங்க இரிக்கி. நடுவுல ஒரு சாண் இல்ல. அதுக்குள்ள எப்படிரா பதினாலு விதி வந்து நிக்கிது?"

றிப்ஷான் வயரை மடித்துப் பிடித்தபடி பழைய கடிதத்தின் பிரதியைத் தேடி எடுத்து, திகதியை மாத்தி, மறுபடியும் கொடுத்தான்.

இந்தமுறை கடிதத்துக்கு நல்ல காலம். பணிப்பாளர் கதிர்காமத்தம்பி அந்த வாரம்தான் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்திருந்தார். அங்கே பக்கத்துக் கதிரையில் இருந்த வெளிநாட்டு அதிகாரி காதுக்குள் ஏதோ மினுங்கும் சாமானைச் செருகிக்கொண்டு, இரண்டு மணித்தியால உரை முழுவதையும் முகம் வாடாமல் இருந்து கடத்தியிருக்கிறார். அது என்ன என்று விசாரித்தபோது, உலகத்திலேயே மிகத் தரமான இயர்போன் வகைகளில் ஒன்று என்று தெரியவந்தது. பணிப்பாளர் ஊர் திரும்பியதும் 'செவியுட்செருகு கேட்பொறி ஒப்பீட்டு மதிப்பீட்டுக் குழு' என்று ஒன்றை அமைத்தார். இயர்போன் என்ற சொல்லைக் குழு தனது முதல் கூட்டத்திலேயே தடைசெய்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் பணிப்பாளர். செயலாளர் நிருவாக உத்தியோகத்தர் அகீலா. தொழில்நுட்ப அங்கத்தவராகக் காது பற்றித் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று தேடி, கடைசியில் வீதி வேலைப் பகுதியிலிருந்து பொறியியலாளர் இஷாமை இரவல் எடுத்தார்கள். அவர் தாருக்கும் கல்லுக்கும் ஆள். ஆனாலும் கம்பித் தடிப்பு அளக்கும் இடுக்கிமானி ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார்.

"பொருத்தம் பார்க்கிறதுக்கு முதல் எந்தக் காதுக்குப் பொருத்தம் எண்டு தெரியணும் சேர்" என்றார் இஷாம். "வீதி போடுறதுக்கு முதல் அகலம் எடுப்பம் தானே."

ஆகவே பணியகத்துக் காதுகள் அளக்கப்பட்டன. ஏழு நிரந்தர உத்தியோகத்தர்கள், பதினாலு காதுகள். அது மூன்று வாரம் எடுத்தது. ஏனென்றால் ஒருவர் விடுமுறையில் போயிருந்தார், இன்னொருவர் காதில் மருந்து விட்டிருந்தார். அளவுகளைச் சும்மா கூட்டிப் பிரிப்பது பதவி நிலைகளை அவமதிப்பதாகும் என்று அகீலா சுட்டிக்காட்டியதால், பணிப்பாளருடைய காதை ஆறு காதாகக் கணக்கெடுத்துச் சராசரி கண்டார்கள். அப்படிப் பிறந்த காதுக்கு 'பணியகத்தின் சராசரிக் காது' என்று பெயர். படம் வரைந்து சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அது பணிப்பாளருடைய காதுதான் என்று சொன்னார்கள்.

றிப்ஷான் வாசலில் நின்று கேட்டான். "மெடம், பாவிக்கப் போறது நான்தானே. என்ட காதையும் ஒருக்கா அளந்தா என்ன?"

"றிப்ஷான்," என்றார் அகீலா பொறுமையாக, "நீங்க பாவனையாளர். பாவிக்கிற ஆளே மதிப்பீட்டுக்குள்ள வந்தா அது நலமுரண். வெளியில தெரிஞ்சா எங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஐம்பத்திரண்டாம் நாள், கொழும்புக் கம்பனி அனுப்பிய மூன்று மாதிரிகள் வந்து சேர்ந்தன. அ, ஆ, இ என்று பெயரிட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சோடி. ஒவ்வொரு சோடிக்கும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று றப்பர் முனைகள், பஞ்சு முனைகள். வயர் இணைப்பதற்கு மட்டும் றிப்ஷானை உள்ளே விட்டார்கள். சுவரோரமாக நிற்கலாம், முகபாவம் காட்டக்கூடாது என்று சொல்லப்பட்டது.

எதைப் போட்டுக் கேட்பது என்பதில் சிக்கல் வந்தது. முறைப்பாட்டுப் பதிவுகள் இரகசியம். ஒப்பீட்டுக்கு எடுக்க முடியாது. பாட்டுப் போடலாம் என்றார் இஷாம். அலுவலக நேரத்தில் பாட்டா என்றார் அகீலா. கடைசியில் பணிப்பாளரே பெரிய மனசு பண்ணி, பணியகத் திறப்பு விழாவில் தான் ஆற்றிய நாற்பது நிமிட உரையின் பதிவைத் தந்துதவினார்.

முதலில் 'அ'. பணிப்பாளர் செருகிக்கொண்டு கண்ணை மூடினார்.

"நல்லாக் கேக்குது. பேப்பர் புரட்டுற சத்தம் வேற கேக்குது. ஃபேன் ஒண்டு சுத்துது. ஆரோ இருமுறாங்க... ஓ, அது நான்." இருபத்து மூன்றாம் நிமிடத்தில் அவர் கண் திறந்தது. கழற்றிப் பேசாமல் இஷாமிடம் கொடுத்தார். இஷாம் அதே இடத்தைக் கேட்டுவிட்டு அகீலாவைப் பார்த்தார். அகீலா வாங்கிச் செருகினார். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், பக்கத்தில் இருந்து சொல்வதைப் போல, அவ்வளவு துப்புரவாகக் கேட்டது: "யா அல்லாஹ், இந்த மனிசன் எப்ப முடிப்பார்? சோறு ஆறுது."

அகீலா தன் குரலைத் தானே கடைசி வரை கேட்டார். பிறகு கேட்பொறியைக் கழற்றி வைத்து, பேனாவை எடுத்து எழுதினார்: 'மாதிரி அ. தேவையற்ற விபரங்களைக் கேட்கச் செய்கிறது. பொதுச் சேவைக்குப் பொருத்தமற்றது.'

தலைவர் உடன்பட்டார். தொழில்நுட்ப அங்கத்தவரும் உடன்பட்டார். சுவரோரம் நின்ற றிப்ஷான், ஒரு மோட்டார் சைக்கிளைத் தாண்டி ஒரு மனுசியின் குரலைப் பிடித்துத் தரக்கூடிய ஒரேயொரு சாமான் திரும்பப் பெட்டிக்குள் போவதை முகபாவம் இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

'இ' பாரமே இல்லை. பஞ்சு முனை காதுக்குள் போய் மெதுவாக விரிந்து உட்கார்ந்துகொண்டது. "போட்டிருக்கிறதே தெரியல்ல" என்றார் பணிப்பாளர் ஆச்சரியத்தோடு. அகீலா எழுதினார்: 'அணிந்திருப்பது வெளியில் தெரியாததால், உத்தியோகத்தர் கடமையில் இருக்கிறாரா என்பதை மேலதிகாரி கண்டறிய இயலாது. நிராகரிக்கப்பட்டது.'

'ஆ' பெரிது. காதை விட்டுப் பாதி வெளியே நின்றது. வெளிப்பக்கம் தங்க நிறத் தகடு. கனத்த, தாழ்ந்த அடியொலியைத் தூக்கித் தருவதற்கென்றே செய்த சாமான். பணிப்பாளர் தன் உரையின் முதல் வரியைக் கேட்டதும் நிமிர்ந்தார். இரண்டாம் வரியில் நெஞ்சில் கை வைத்தார்.

"இதுதான் என்ட குரல்," என்றார். "இவ்வளவு காலமும் சனங்கள் இதைக் கேக்காமப் போயிற்றுதுகள்."

"சொல்லு விளங்குதா சேர்?" என்று இஷாம் கேட்டார்.

"சொல்லு எனக்குத் தெரியும் தானே. குரலைக் கேளுங்க!"

'ஆ' ஏகமனதாகத் தெரிவானது. பெரிய றப்பர் முனை பணிப்பாளருடைய காதில், அதாவது சராசரிக் காதில், மயிரிழை இடைவெளியின்றிப் பொருந்தியதாக இஷாம் அளந்து உறுதிப்படுத்தினார். முனை கழன்று தொலைந்துபோனால் ஆர் பொறுப்பு என்ற கேள்வி எழுந்ததால், அதைப் பசை போட்டு ஒட்டவும் தீர்மானித்தார்கள்.

கண்ணகை ஒவ்வொரு திங்களும் வந்தாள். "என்ன மனே, காது வந்துட்டா?" என்பாள். "மாதிரி வந்திரிக்கி அக்கா." "தெரிவு முடிஞ்சிரிக்கி அக்கா." "கடிதம் போயிரிக்கி அக்கா." ஒருநாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "கல்லும் வந்துட்டு மனே" என்றாள். அன்றைக்குப் பின்னேரம் காத்தான்குடி பஸ்ஸில் நின்றுகொண்டு போன றிப்ஷானுக்கு நாள் கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. எழுபத்தொன்பது.

எண்பத்தாறாம் நாள் கேட்பொறி வந்தது. வந்தவுடன் கொடுத்துவிடவில்லை. கையளிப்பு விழா வைத்தார்கள். மங்கல விளக்கேற்றினார்கள். சிவப்புத் துணி போட்ட தட்டில் கேட்பொறி இருந்தது. பணிப்பாளர் பேசினார்.

"இதுவரை நூற்றுப் பதினாறு முறைப்பாடுகளை இப்பணியகம் முடிவுறுத்தியிருக்கிறது. அவற்றில் ஒன்றையாவது நாம் பிழையாகக் கேட்டோம் என்று எவராவது சொல்லட்டும் பார்க்கலாம். சொல்ல முடியாது. அவசரப்பட்டுக் கேட்பது எங்கள் வழக்கமில்லை. வாவிக்கரையில் குரலுக்கு என்ன குறைச்சல்? யாரைத் தொட்டாலும் பேசுவார்கள். தரமான காதுக்குத்தான் இங்கே பஞ்சம். அந்தப் பஞ்சம் இன்றோடு தீர்ந்தது. இனி மக்கள் பேசலாம். அவசரமில்லை, ஆறுதலாகப் பேசலாம்."

கைதட்டினார்கள். தட்டு நேரே களஞ்சியத்துக்குப் போனது. ஏனென்றால் பொருளிருப்பு இலக்கம் அடிக்காமல் எந்தச் சாமானையும் பாவனைக்கு விட முடியாது.

களஞ்சியப் பொறுப்பாளர் ஆதம்பாவா வெள்ளைப் பெயின்ற் பேணியும் ஈர்க்குமாகக் குந்தியிருந்தார். எண்பத்தொன்பதாம் நாள் றிப்ஷான் போய்ப் பார்த்தபோது வலது பக்கத்தில் இலக்கம் எழுதி முடிந்து காய்ந்துகொண்டிருந்தது.

"காக்கா, என்ன செய்யிறீங்க? அது சத்தம் வாற ஓட்டை!"

"வெளிப்பக்கத் தகட்டுல பணியகத்துட இலச்சினை ஒட்டணும் எண்டு டைரக்டர் சொல்லிட்டார் தம்பி. மத்தப் பக்கம் ரெண்டும் வளைவு. நம்பர் நிக்கிது இல்ல. தட்டையா இரிக்கிறது இந்த வாய் மட்டும்தான்."

"அதை அடைச்சா எப்படி காக்கா கேக்கிற?"

ஆதம்பாவா ஈர்க்கைப் பேணியில் தோய்த்தார். "கதிரைக்கு நம்பர் அடிச்சிரிக்கன். கூட்டுற தும்புத்தடிக்கு அடிச்சிரிக்கன். நம்பர் இல்லாட்டி அது அரசாங்கத்துட சாமான் இல்ல. கேக்கிறது, கேக்காதது எல்லாம் உங்கட பகுதி. என்ட பகுதி நம்பர்." என்று சொல்லி இடது பக்கத்தையும் அழகாக முடித்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

தொண்ணூறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு றிப்ஷான் கையொப்பம் வைத்துக் கேட்பொறியைப் பொறுப்பெடுத்தான். பெரிய முனை அவனுடைய சின்னக் காதில் நிற்கவில்லை. தலையைச் சரித்து வைத்தால் ஒரு பக்கம் தங்கியது, மற்றப் பக்கம் தொங்கியது. பதிவைப் போட்டான். ஒன்றுமில்லை. முழுச் சத்தத்துக்கு ஏற்றினான். பெயின்ற்றுக்குப் பின்னால், எங்கேயோ கல்லடிப் பாலத்துக்கு அப்பால் போவதைப் போல, ஒரு மோட்டார் சைக்கிள்.

அவன் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டான். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று தெரியாது.

"மனே."

கண்ணகை ஜன்னலில் நின்றாள். அன்றைக்குத் திங்கள் இல்லை. கூடையும் கொண்டு வரவில்லை.

"சீமெந்து குழைக்கிற மிசினும் வந்துட்டு. நான் இனி இஞ்ச வரமாட்டன். வந்து என்னத்துக்கு? ஆனா ஒருக்காச் சொல்லிட்டுப் போறன். நீ எழுதினா எழுது, எழுதாட்டிப் போ. சொன்னன் எண்டு ஒரு ஆறுதல் வேணும் எனக்கு."

றிப்ஷான் தலையை நிமிர்த்தினான். காதில் கேட்பொறி தொங்கியது. அந்த நேரத்தில்தான் அவனுக்கு ஒன்பதாம் விதி ஞாபகம் வந்தது. 'எழுத்துப் பெயர்ப்பாளர், பணியகத்தின் கேட்பொறியைக் காதில் பொருத்திய நிலையில், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது தனது காதில் விழுவதை மட்டும் தட்டெழுத வேண்டும்.' விழுவது எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று விதியில் இல்லை.

அவன் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டான். கேட்பொறியை இரண்டு காதிலும் செருகினான். அவை முன்போலவே பாதி கழன்று நின்றன. விரல்களைத் தட்டெழுத்தில் வைத்தான்.

"ஆறுதலாச் சொல்லுங்க அக்கா," என்றான். "பதினொரு நிமிசம் இரிக்கி."

கண்ணகை சொன்னாள். வேலி போட்ட நாளைச் சொன்னாள். போட்டவனுடைய தொப்பியைச் சொன்னாள். தோணியை எங்கே இறக்கினது, வேலி போட்ட பிறகு எங்கே இறக்க வேண்டிவந்தது, அங்கே எத்தனை கல்லு, யோகராசாவின் கால் எந்தக் கல்லில் வெட்டினது, ஒன்றும் விடவில்லை. இடையில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாள். அதையும் எழுதிவிட்டுப் பிறகு அழித்தான்.

மூன்று மணிக்குப் பாவனைச் சான்றிதழில் கையொப்பம் வைக்கப் பணிப்பாளர் குழுவோடு வந்தார். ஜன்னலில் கண்ணகை இன்னும் நின்றாள்.

"எப்படி, கேக்குதா?"

"ஓம் சேர். ஆள் பக்கத்துல நிண்டு சொல்லுற மாதிரிக் கேக்குது." பொய் சொல்லாமல் வேலை செய்து றிப்ஷானுக்கு எவ்வளவோ காலமாகியிருந்தது.

"தாரும் பார்ப்பம்."

பணிப்பாளர் கேட்பொறியை வாங்கித் தன் காதுகளில் செருகினார். சராசரிக் காது. மயிரிழை இடைவெளி இல்லை. உள்ளே பெயின்ற், வெளியே றப்பர். அவருடைய முகம் மெல்ல மெல்ல இளகியது. இருபத்தேழு வருடச் சேவையில் அப்படியொரு அமைதியை அவர் கண்டதில்லை.

"அகீலா!" என்று கத்தினார். "இரைச்சல் கொஞ்சமும் இல்ல! எவ்வளவு சுத்தம்!"

"ஐயா," என்று ஜன்னலிலிருந்து கண்ணகை கூப்பிட்டாள். "நாளைக்கு மதில் கட்டப் போறானுகள் ஐயா! இந்தத் தாளுல ஒரு கையொப்பம் வெச்சுத் தாங்க!"

பணிப்பாளர் அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்துத் தலையாட்டினார்.

அகீலா அவரையும் பார்த்தார், மேசையில் கிடந்த தட்டெழுத்துத் தாளையும் பார்த்தார், றிப்ஷானையும் பார்த்தார். பிறகு ஒரு பரிசோதனைபோல, வழக்கமான குரலில், "சேர், சோறு ஆறுது" என்றார்.

"சரியாச் சொன்னீங்க," என்றார் பணிப்பாளர்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. றிப்ஷான் பாவனைச் சான்றிதழையும் கண்ணகையின் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டினான். பணிப்பாளர் கண்களைப் பாதி மூடியபடி இரண்டிலும் கையொப்பம் வைத்தார். இஷாம் ஓடிப்போய் 'கேட்கப்பட்டது' முத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். புது றப்பர் மை பிடிக்கவில்லை. மூன்றாம் தரம் குத்தியபோதுதான் எழுத்து விழுந்தது. பணிப்பாளர் கேட்பொறியைக் கழற்றாமலே தன் அறைக்குப் போனார். மாதிரி 'ஆ' இனித் தன்னுடைய நேரடிப் பொறுப்பில் இருக்கும் என்று அறிவித்துவிட்டுத்தான் போனார்.

கண்ணகை தாளை வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

"இதைக் காட்டினா மதில் நிக்குமா மனே?"

"விசாரணை முடியும் வரைக்கும் ஒரு கல்லும் வைக்க ஏலாது அக்கா."

"விசாரணைய ஆரு செய்யிற?"

றிப்ஷான் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கையைக் காட்டினான். பணிப்பாளர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். காதில் தங்கத் தகடு மினுங்கியது. மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப கனகாலம் போகும்" என்றாள் கண்ணகை.

"போகும் அக்கா." அவனுக்கே வெட்கமாக இருந்தது. "கம்பி வேலி மட்டும் அப்படியே கிடக்கும். அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாமப் போயிற்று."

"கம்பிய எங்கட மனிசன் எப்பவோ வெட்டிட்டார் மனே. தோணி போற அளவுக்கு. மதில வெட்டத்தான் எங்களால ஏலாது." தாளை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். படியிறங்கப் போனவள் திரும்பி வந்து, ஜன்னல் கம்பிக்குள் வாயை வைத்துக் குரலைத் தணித்தாள்.

"அந்தாளை மட்டும் அதைக் காதால கழட்ட விட்டுராத."